நன்றி நோட்டில், வலி நர்ஸிடம்

கேள்வி: என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். எலும்புக்கும் பரவிவிட்டது. எங்களோடு எடிசனில்தான் இருக்கிறார். சிகிச்சைக்குப் போகும்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் வாழ்க்கைத்தரத்துக்கு மார்க் போடும் ஒரு ஃபார்ம் தருகிறார்கள். நான் படித்துச் சொல்ல, அம்மா பதில் சொல்லுவார். போன வருஷத்துக்கு இப்போது நடை குறைந்திருக்கிறது, சாப்பாடும் சரியாக இறங்குவதில்லை. ஆனால் ஃபார்மில் மார்க் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது! கேட்டால், “எனக்கென்ன குறைச்சல், நல்லாத்தானே இருக்கேன்” என்கிறார். டாலஸில் இருக்கும் என் அக்கா ஒரு ‘நன்றி நோட்டு’ வாங்கி அனுப்பினாள். அம்மா அதில் தினமும் எழுதுவதால்தான் இந்த முன்னேற்றமாம், விடாமல் எழுதினால் நோயும் அடங்கிவிடுமாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் மார்க் ஏன் ஏறுகிறது என்றும் புரியவில்லை. அம்மா பொய் சொல்கிறாரா? இல்லை, அக்கா சொல்வதுதான் சரியா?

— ஒரு வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: மார்க் குறைந்துவிட்டது என்று கவலைப்பட்டு எழுதுகிறவர்கள் உண்டு. ஏறுகிறதே என்று சந்தேகப்பட்டு எழுதியிருப்பவர் நீங்கள்தான். சரியான சந்தேகம், ஆராய்ச்சியாளர்களையே பல காலமாகக் குடைந்துவரும் சந்தேகம். அம்மா பொய் சொல்கிறாரா என்பதற்குச் சுருக்கமான விடை: பெரும்பாலும் இல்லை, ஓரிடத்தில் மட்டும் அநேகமாக ஆம். அந்த ஓரிடத்துக்கு வருமுன் அக்காவின் கட்சியை விசாரித்துவிடலாம்.

அக்கா சொல்வதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல், மெட்டாஸ்டேடிக் மார்பகப் புற்றுநோய் உள்ள 86 பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார். மெட்டாஸ்டேடிக் என்றால், தோன்றிய இடத்தை விட்டு வேறு உறுப்புக்குப் பரவியது. உங்கள் அம்மாவுக்கு இருப்பதும் அதுதான். அந்தப் பெண்களில் ஒரு பகுதியினர் வாரம் ஒருமுறை, ஓராண்டுக்கு, ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 1989இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவு வெளியானது. ஆய்வில் சேர்ந்த நாளிலிருந்து, பேசிய குழுவினர் சராசரியாக 36.6 மாதமும் மற்றவர்கள் 18.9 மாதமும் வாழ்ந்திருந்தார்கள். ஏறக்குறைய இரு மடங்கு! மனதையும் புற்றுநோயையும் முடிச்சுப் போடுகிற பேச்செல்லாம் வெறும் பேச்சு என்று காட்டுவதற்காகத்தான் ஸ்பீகல் அந்த ஆயுள் கணக்கையே எடுத்தார் என்பது இதில் வேடிக்கை. ‘மனசு நல்லா இருந்தா கேன்சர் ஓடிப்போகும்’ என்ற சேதிக்கு அன்று கால் முளைத்தது. பத்திரிகை, டிவி, வாட்ஸ்அப் என்று நடந்து நடந்து இப்போது டாலஸ் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

வந்த வழியில் இரண்டு விஷயங்கள் உதிர்ந்துவிட்டன. அந்தக் கூட்டங்களில் யாரும் நன்றிப் பட்டியல் போடவில்லை. சாவைப் பற்றிய பயத்தையும், கோபத்தையும், பிள்ளைகளை விட்டுப் போகவேண்டுமே என்ற துக்கத்தையும் வாய்விட்டுப் பேசினார்கள், அழுதார்கள். வலியைச் சமாளிக்கச் சுயவசியப் பயிற்சியும் கற்றுக்கொண்டார்கள். இது ஒன்று. மற்றது, ஒரே ஓர் ஆய்வை நம்பி மருத்துவம் நடப்பதில்லை. திரும்பச் செய்தாலும் அதே விடை வரவேண்டும். கனடாவில் 235 பெண்களை வைத்துத் திரும்பச் செய்து 2001இல் வெளியிட்டார்கள். பேசிய குழு 17.9 மாதம், பேசாத குழு 17.6 மாதம். வித்தியாசம் பத்து நாள்கூடத் தேறவில்லை. ஆனால் பேசியவர்களுக்கு வலியும் மன உளைச்சலும் குறைந்திருந்தன. 2007இல் ஸ்பீகலின் அடுத்த ஆய்வும் வந்தது. மொத்தத்தில் பார்த்தால் ஆயுள் நீளவில்லை. தனக்குப் பெயர் வாங்கித் தந்த முடிவைத் தானே மறுபடி சோதித்து, கிடைக்கவில்லை என்று அச்சிலும் ஏற்றுகிறவர்கள் குறைவு. அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை.

அதே 2007இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் காய்னும் அவருடைய குழுவினரும், தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய் உள்ள 1,093 பேரின் கணக்கைப் பார்த்தார்கள். சிகிச்சை தொடங்கும்போது மனம் தெளிவாக இருந்தவர்கள் அதிக நாள் இருந்தார்களா என்பது கேள்வி. இல்லை. மனநிலை மார்க்குக்கும் ஆயுளுக்கும் தொடர்பே தென்படவில்லை.

அக்காவுக்கு அவர் ஊர்ப் பக்கத்திலிருந்தே ஒரு சாட்சி உண்டு. டாலஸுக்கு வடகிழக்கே நெவாடா என்று ஒரு சின்ன ஊர். 1928இல் பிறந்து அங்கே வளர்ந்த ஜிம்மி ஹாலந்து என்ற பெண்மணி, ஹூஸ்டனில் பேலர் மருத்துவக் கல்லூரியில் படித்து, பிறகு நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் மனநலப் பிரிவைத் தொடங்கினார். சைக்கோ-ஆன்காலஜி, அதாவது புற்றுநோயாளியின் மனதைக் கவனிக்கும் மருத்துவத் துறை, அவரால்தான் துறை என்ற பெயரையே பெற்றது. ‘எப்போதும் நம்பிக்கையாக இரு, சிரித்துக்கொண்டே இரு’ என்று நோயாளியை நெருக்குவதை அவர் ஒரு கொடுங்கோன்மை என்றே எழுதினார். காரணம் எளிது. நன்றி எழுதினால் நோய் அடங்கும் என்று நம்பவைத்துவிட்டு, அடுத்த ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தால் அந்தப் பழி யார்மேல் விழும்? ‘நாம சரியா எழுதலையோ’ என்று அம்மாமேல்தான். ‘போன ஜென்மத்துப் பாவம்’ என்று குத்திக்காட்ட நம் சனத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதோடு நோட்டுக் கணக்கும் சேரவேண்டாம்.

சரி, நோய் அடங்கவில்லை, மார்க் ஏறுகிறது. ஏன்?

அந்த ஃபார்ம் எதற்கு மார்க் போடுகிறது என்று பாருங்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் அதிகம் புழங்குபவற்றில் ஒன்று 1993இல் வெளிவந்த ‘ஃபேக்ட்-ஜி’ என்ற கேள்வித்தாள். உங்களுக்குத் தருவது அதுவாகவோ அதன் பங்காளியாகவோ இருக்கும். 27 கேள்விகள். கடந்த 7 நாள் எப்படி இருந்தன என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க். குமட்டல், களைப்பு, வலி போன்ற உடம்புச் சமாச்சாரத்துக்கு அதில் 7 கேள்விகள்தாம். குடும்பமும் நட்பும் எப்படி என்பதற்கு 7, மனநிலைக்கு 6, அன்றாட வேலை, தூக்கம், ரசனை இவற்றுக்கு 7. எல்லாம் சேர்த்து 108 மார்க். உடம்பு நாலு மார்க்கைத் தின்றாலும், மகள் பக்கத்தில் இருப்பதும், நோயை ஏற்றுக்கொண்டுவிட்டதும், பேத்தியின் சேட்டையை ரசிப்பதும் ஆறு மார்க்கைக் கொடுத்துவிடலாம். மொத்தம் ஏறும். அதில் பொய் ஏதும் இல்லை. மேலே சொன்ன காய்ன் குழு எடுத்துக்கொண்டதும் இதே ஃபார்மின் மனநிலைப் பகுதியைத்தான். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் நம் ஊர் நோயாளிகளுக்கென்றே இப்படி ஒரு கேள்வித்தாளைத் தயாரித்திருக்கிறார்கள். வாழ்க்கைத்தரம் என்பது உடம்பின் கணக்கு மட்டும் இல்லை என்பதை எல்லாருமே ஒப்புக்கொண்டாகிவிட்டது.

இரண்டாவது காரணம் இதைவிடச் சுவையானது. ஆராய்ச்சியாளர்கள் இதை ‘ரெஸ்பான்ஸ் ஷிஃப்ட்’ என்கிறார்கள், அதாவது பதில் சொல்கிறவருடைய அளவுகோலே இடம் மாறிவிடுவது. 1999இல் நெதர்லாந்தின் மிர்யம் ஸ்ப்ராங்கர்ஸும் அமெரிக்காவின் கேரலின் ஷ்வார்ட்ஸும் இதற்கு ஒரு விளக்கம் வகுத்தார்கள். சென்னையிலிருந்து அக்டோபரில் நியூ ஜெர்சி வந்து இறங்கியவருக்கு 50 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் பல் கிடுகிடுக்கும். ஒரு ஜனவரியைத் தாண்டிய பிறகு, மார்ச்சில் அதே 50 டிகிரிக்கு ஜாக்கெட் போடாமல் பார்க்கிங் லாட்டில் நின்று கதை பேசுவார். தெர்மாமீட்டர் மாறவில்லை, அவர் மாறியிருக்கிறார். நோயாளிக்கும் அப்படித்தான். முன்பு ‘கடுமையான களைப்பு’ என்று சொன்னதை, அதைவிட மோசமான களைப்பைப் பார்த்த பிறகு ‘கொஞ்சம் அசதி’ என்பார். இதோடு முக்கியம் என்று நினைப்பவற்றின் வரிசையும் கலைந்து புதிதாக அடுக்கப்படுகிறது. ஒருகாலத்தில் தனியாகக் கடைக்குப் போவது வாழ்க்கைத்தரம். இன்று மாலை நாலு மணிக்கு ஸ்கூல் பஸ் வரும்போது ஜன்னலோரம் உட்கார முடிந்தால் அதுவே நல்ல நாள்.

இப்படி வரிசை மாறுவதை உள்ளிருந்து எழுதிக் காட்டியவர் பால் கலாநிதி. பெயரே சொல்லும், தென்னிந்தியக் குடும்பத்துப் பிள்ளை. ஸ்டான்ஃபர்டில் மூளை அறுவைச் சிகிச்சைப் பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் இருந்தவருக்கு, 2013இல் 36 வயதில், முற்றிய நிலையில் நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது. புகைபிடிக்கிறவரும் இல்லை. மாத்திரை கைகொடுத்தபோது மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குப் போனார். நோய் திரும்பியதும் அதை விட்டார். 2014 ஜூலையில் மகள் பிறந்தாள், 2015 மார்ச்சில் 37 வயதில் அவர் காலமானார். 2016 ஜனவரியில் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் ‘எல்லாம் நன்மைக்கே’ என்ற பாவனையைத் தேடினாலும் காணமுடியாது. இருக்கிற காலத்தில் எதைச் செய்வது என்ற கேள்விக்கு விடை மாறிக்கொண்டே வருவதுதான் இருக்கிறது. கிடைக்காவிட்டால் நூலகத்தில் கேளுங்கள், அக்காவுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

இதில் நன்றியுணர்வுக்கு என்ன பங்கு? கொஞ்சம் இருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லவுடன் சேர்ந்து 2003இல் வெளியிட்ட ஆய்வுகள்தாம் இந்த நன்றி நோட்டுக்கெல்லாம் பாட்டன். அவற்றில் ஒன்றில், நரம்பும் தசையும் பாதிக்கப்பட்ட நோயாளிகளை 21 நாள் தினமும் நன்றிக்குரியவற்றை எழுதச் சொன்னார்கள். அவர்களுடைய மனநிலை மேம்பட்டது, தூக்கம் கூடியது, பிறரோடு ஒட்டுதல் கூடியது. கூட வாழ்கிறவர்களுக்கும் அது தெரிந்தது. பிறகு மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த 67 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2016இல் வெளியானது. வாரம் ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதுவது, ஆறு வாரம். நோய் திரும்பிவந்து உயிரைக் கொண்டுபோய்விடுமோ என்ற பயம் அவர்களுக்குத் தணிந்தது. இதெல்லாம் உண்மையான பலன்தான், ஆனால் சிறிய பலன். பல ஆய்வுகளைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்தவர்கள், எதிர்க்குழுவுக்கு வேறு ஏதாவது உற்சாகமான எழுத்துவேலை கொடுத்தால் வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது என்கிறார்கள். நோட்டில் மந்திரம் ஏதும் கிடையாது.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு ஆய்வு. சாரா ஆல்கோ, ஆனெட் ஸ்டான்டன் இருவரும் 2012இல் வெளியிட்டது. உங்கள் அம்மாவைப் போலவே நோய் பரவிய நிலையில் இருந்த பெண்களைத்தான் அவர்கள் பார்த்தார்கள். நன்றியுணர்வு இருந்தவர்களுக்கு, மூன்று மாதத்தில் ‘எனக்கு ஆள் இருக்கிறார்கள்’ என்ற தெம்பு கூடியது. ஆனால் எல்லாருக்கும் இல்லை. மனதில் இருப்பதை வெளியே சொல்லத் தயங்காதவர்களுக்கு மட்டும். உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு சொல்லலாமா வேண்டாமா என்று திண்டாடுகிறவர்களுக்கு நன்றி அந்த வேலையைச் செய்யவில்லை.

இங்கேதான் நான் சொன்ன அந்த ஓரிடம் வருகிறது. உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நான் இருமுறை படித்தேன்: நீங்கள் ஃபார்மைப் படித்துச் சொல்ல, அம்மா உங்களிடம் பதில் சொல்கிறார். வேலைக்கு லீவு போட்டு, காரோட்டிக் கூட்டிவந்து, பக்கத்தில் உட்கார்ந்து, ‘வலி எவ்வளவும்மா?’ என்று கேட்கிற மகளிடம் எந்தத் தாய் ‘தாங்க முடியலடி’ என்பார்? பாதியாகக் குறைத்துத்தான் சொல்வார். டாக்டரிடமும் அதே கதை. ‘தங்கமான மனுஷன், இவ்வளவு பார்த்துக்கிறார், அவர்கிட்டப் போய்க் குறை சொல்றதா?’ நம் வீட்டுப் பெரியவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது இது. முறையிடுவதே நன்றிகெட்ட செயல் என்று ஆகிவிடுகிறது. நன்றி நோட்டும் கூடச் சேர்ந்தால் வலியைச் சொல்லாமலிருக்க இன்னொரு காரணம் கிடைத்துவிடும்.

முறையிட்டால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஹாலந்து பணியாற்றிய அதே நியூயார்க் மருத்துவமனையில், நோய் பரவிய 766 பேரை ஈதன் பாஷும் குழுவினரும் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் வலி, மூச்சுத்திணறல், வாந்தி போன்ற 12 தொல்லைகளை அவ்வப்போது கணினியில் பதிய, மோசமானதும் நர்ஸுக்குத் தகவல் போனது. இவர்கள் கீமோவை அதிக நாள் தாங்கினார்கள். ஆயுள் 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26.0. இது 2017இல் வெளியான முடிவு. ஆக, அக்கா தேடுகிற ஆயுள் நன்றிப் பட்டியலில் இல்லாமல் புகார்ப் பட்டியலில் இருந்தது என்று எழுதக் கை துறுதுறுக்கிறது! ஆனால் ஸ்பீகலுக்கு வைத்த அதே தராசை இதற்கும் வைக்கவேண்டும். அமெரிக்காவில் 52 சிகிச்சை மையங்களில் பெரிதாகச் செய்தபோது ஆயுளில் வித்தியாசம் தென்படவில்லை. உடல் இயக்கம், தொல்லைகளின் கட்டுப்பாடு, வாழ்க்கைத்தரம் மூன்றும் மேம்பட்டன. நீங்கள் கேட்டதே வாழ்க்கைத்தரத்தைப் பற்றித்தானே. அதைக் கூட்ட, சொல்லப்பட்ட வலிக்குச் சமமான மருந்து வேறில்லை. ‘பேலியேட்டிவ் கேர்’ என்ற பிரிவுக்கும் ஒரு சீட்டுக் கேளுங்கள். வலியையும் மற்றத் தொல்லைகளையும் தணிப்பதற்கென்றே இருக்கும் மருத்துவம் அது. கைவிட்ட பிறகு அனுப்பும் இடம் என்று நம்மவர்கள் பயப்படுகிறார்கள். சிகிச்சை நடக்கும்போதே சேர்த்துத் தரலாம், தரவேண்டும்.

நோட்டைத் தூக்கிப்போட வேண்டாம். அம்மாவுக்குப் பிடித்திருந்தால் இடப்பக்கம் நன்றி எழுதட்டும், ஒரு நாள் எழுதாவிட்டால் யாரும் கேட்காதீர்கள். வலப்பக்கத்தில் வலி 0 முதல் 10க்குள் எவ்வளவு, ராத்திரி தூங்கினாரா, எவ்வளவு சாப்பிட்டார், மலம் கழித்தாரா என்று நாலு வரி. அந்தப் பக்கத்தைக் கிழித்து நர்ஸ் கையில் கொடுங்கள். ‘உனக்குப் பாரமாயிட்டேன்’ என்று அம்மா சொல்வதுண்டா? நன்றியும் கடன்பட்ட உணர்வும் வேறு வேறு. திருப்பிச் செய்யமுடியாத கடன் மனிதரைக் குறுகவைக்கும். அவர் கொடுப்பதற்கும் ஏதாவது விட்டுவையுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால், அவர்களின் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வீட்டுப்பாடத்தை அவர் பொறுப்பில் விட்டால்கூடப் போதும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ‘நடை குறைந்திருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். எலும்புக்குப் பரவிய புற்றுநோயில் முதுகுவலியோடு கால் பலவீனம், மரத்துப்போதல், சிறுநீர் கழிப்பதில் சிரமம் இவற்றில் ஏதாவது சேர்ந்தால், தண்டுவடம் நசுங்குவதன் அடையாளமாக இருக்கலாம். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திராமல் அன்றைக்கே கூப்பிடுங்கள், இரவென்றால் எமர்ஜென்சிக்குப் போங்கள். இவை இல்லையென்றாலும் நடை குறைந்ததை டாக்டரிடம் இந்த வாரமே சொல்லுங்கள்.

ஃபார்மை இனி நீங்கள் படித்துச் சொல்லவும் வேண்டாம். அரசு நிதி பெறும் மருத்துவமனைகள், அதாவது ஏறக்குறைய எல்லா மருத்துவமனைகளும், ஆங்கிலம் சரியாகத் தெரியாத நோயாளிக்குத் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யவேண்டும் என்பது 1964ஆம் ஆண்டு சிவில் உரிமைகள் சட்டத்திலும் 2010ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்திலும் வேர்கொண்ட விதி. தமிழுக்கு ஃபோனிலோ வீடியோவிலோ வருவார்கள். அப்பாயின்ட்மென்ட் போடும்போதே கேட்டுவையுங்கள். அவர்கள் பேசும்போது நீங்கள் கீழே போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். மொழிபெயர்ப்புக்குக் கட்டணம் ஒரு டாலர்கூடக் கிடையாது.